மூன்று விரல் குதிரையும் நாமக்கல் முட்டையும்

வண்டிமாட்டுக்கு லாடம் கட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கணக்கு தெரிந்திருக்கும்: காலுக்கு இரண்டு தகடு, ஆக மாட்டுக்கு எட்டு. குதிரைக்குக் காலுக்கு ஒன்றுதான், வளைத்து அடித்த ஒற்றை இரும்பு. கண்ணேறு கழியட்டும் என்று கடை வாசல் நிலையில் ஆணியடித்து மாட்டியிருப்பதும் அந்த ஒற்றை லாடம்தான். இரண்டும் புல் மேய்கிற, வண்டி இழுக்கிற பிராணிகள். ஒன்றின் குளம்பு ஏன் பிளந்திருக்கிறது, மற்றதன் குளம்பு ஏன் பிளக்கவில்லை?

மாடு தரையில் ஊன்றுவது இரண்டு விரல்களை. நம் கையில் நடுவிரலும் மோதிர விரலும் எவையோ அவையே அவை. நகம் தடித்துக் குளம்பாகியிருக்கிறது. குதிரை ஊன்றுவது நடுவிரல் ஒன்றை மட்டும். அதன் முன்னங்காலில் முட்டி என்று நாம் சொல்லும் இடம் உண்மையில் மணிக்கட்டு. அதற்குக் கீழே நீளமாக இறங்குவது உள்ளங்கை எலும்பு, அதற்கும் கீழே இருப்பதுதான் விரல். நான்கு விரல் நுனிகளில் நானூறு கிலோ உடம்பு நிற்கிறது. நாலுகால் பாய்ச்சலில் ஒரு கால் தரையில் பதியும் கணத்தில் உடல் எடையைப்போல் இரண்டரை மடங்கு பாரம் அந்த ஒரு விரலில் இறங்குகிறது.

மற்ற விரல்கள் என்ன ஆயின? அவற்றை வைத்திருந்த குதிரைகளும் உண்டு. நம் துணைக்கண்டத்திலேயே அவை பல லட்சம் தலைமுறைகள் மேய்ந்திருக்கின்றன. ஒவ்வொரு காலிலும் மூன்று விரல். நடுவே பெரியது, இரு பக்கமும் சிறியவை. அறிவியலில் இவற்றின் குலத்துக்கு ஹிப்பாரியன் குலம் என்று பெயர். அதில் இந்திய மண்ணின் பெயரைத் தாங்கிய பேரினம் ஒன்று இருக்கிறது: சிவால்ஹிப்பஸ். (பேரினம் என்பது நெருங்கிய உறவுள்ள சிற்றினங்களின் தொகுப்பு. புலி, சிங்கம், சிறுத்தை மூன்றும் ஒரே பேரினம்.)

நாமக்கல்லில் கிணறு வெட்டினால் இந்தக் குதிரையின் எலும்பு கிடைக்குமா என்று கேட்டால், கிடைக்காது. கோட்டையைச் சுமந்து நிற்கும் அந்த ஒற்றைப் பாறையையும் சேர்த்து, சேலம், நாமக்கல் சமவெளியின் அடிப்பாறை சுமார் 250 கோடி ஆண்டுப் பழையது. பூமியின் ஆழத்தில் வெந்து, அழுந்தி, உருமாறிய கல். அது உருவான காலத்தில் எலும்பு என்ற பொருளே உலகில் இல்லை. அதன்மேல் பிற்காலத்தில் படிந்த மண்ணும் நெடுங்காலம் தங்குவதில்லை. திருமணிமுத்தாறும் காவிரியும் அரித்துக் கிழக்கே கொண்டுபோய்விடுகின்றன. புதைபடிவத்துக்கு வேண்டியது நேர் எதிரான நிலம்: வண்டல் வந்து குவிந்துகொண்டே இருக்க வேண்டும், செத்த விலங்கு அழுகுவதற்குள் மூடப்பட வேண்டும். நம் கல்லுக்கு வேறு பெருமை உண்டு. நாமக்கல் மாவட்டத்தின் சித்தம்பூண்டி, குன்னமலைப் பகுதிப் பாறை நிலாவின் மேட்டுநிலப் பாறையை ஒத்திருப்பதால், அதைப் பொடித்துச் செய்த மண்ணில்தான் இஸ்ரோ சந்திரயான்-2இன் தரையிறங்கு கலத்தைச் சோதித்தது. நிலாவுக்கு ஆகும் கல் குதிரைக்கு ஆகவில்லை.

குதிரைக்கு ஆன நிலம் இமயமலையின் அடிவாரத்தில் இருக்கிறது. இமயம் உயர உயர, அதிலிருந்து இறங்கிய ஆறுகள் கோடி ஆண்டுகளுக்கும் மேலாக மணலையும் களிமண்ணையும் கொட்டின. அந்த வண்டல் கிலோமீட்டர் கணக்கில் தடித்து, பிறகு மலை நெருக்கியதில் மடிந்து எழுந்து சிறு குன்றுத்தொடராகியது. அதுதான் சிவாலிக். இன்றைய பாகிஸ்தானின் போத்வார் மேட்டிலிருந்து இமாச்சலம் வழியாகக் கிழக்கே நீள்கிறது. 1830களில் அங்கே எலும்பு பொறுக்கியவர்களில் இருவர் பெயர் நிலைத்தது. ஒருவர் சகாரன்பூர் தாவரவியல் தோட்டத்தைப் பார்த்துக்கொண்ட மருத்துவர் ஹியூ ஃபால்கனர். மற்றவர் கால்வாய்ப் பொறியாளர் புரோபி காட்லி. பின்னாளில் கங்கைக் கால்வாயை வெட்டியவரும் இவரே. யானை, ஒட்டகச்சிவிங்கி, நீர்யானை, முதலை என்று அவர்கள் அனுப்பிய சரக்கைப் பார்த்து லண்டன் புவியியல் கழகம் 1837இல் இருவருக்கும் உல்லாஸ்டன் பதக்கம் தந்தது. குதிரைப் பற்களும் அந்தச் சரக்கில் இருந்தன. 1877இல், இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையில் இருந்த ரிச்சர்ட் லைடெக்கர் சிவாலிக் குதிரைகளில் ஒருவகைக்கு சிவால்ஹிப்பஸ் தியோபால்டி என்று பெயர் சூட்டினார். பிறகு அந்தப் பேரினப் பெயர் வழக்கொழிந்து, எல்லாமே ஹிப்பாரியன் என்ற ஒரே பெட்டிக்குள் போடப்பட்டன. இருபதாம் நூற்றாண்டின் பின்பகுதியில் ரேமண்ட் பெர்னர் போன்றவர்கள் பெட்டியைக் கொட்டி மறுபடி பிரித்தபோதுதான் சிவால்ஹிப்பஸ் உயிர்பெற்றது. இதன் இன்னொரு சிற்றினத்துக்கு குஜராத்தின் காம்பே வளைகுடாவில் உள்ள பெரிம் தீவின் பெயர். பெரிம், பாவ்நகருக்கு அருகே கடலரிப்பில் எலும்புகள் வெளிப்படும் சின்னஞ்சிறு தீவு.

இந்தக் குதிரைகள் உள்ளூரில் தோன்றியவை அல்ல. குதிரைக் குடும்பத்தின் பெரும் வரலாறு நடந்தது வட அமெரிக்காவில். சுமார் 5.5 கோடி ஆண்டுக்கு முன் அங்கே நாய் அளவில் இருந்த ஆதிக்குதிரைக்கு முன்காலில் நான்கு விரல், பின்காலில் மூன்று. பிறகு எல்லாக் காலிலும் மூன்று. அந்த மூன்று விரல் கூட்டத்தில் ஒரு கிளை, கடல் மட்டம் தாழ்ந்திருந்த ஒரு காலத்தில், அலாஸ்காவையும் சைபீரியாவையும் இணைத்த நிலப்பாலம் வழியாக ஆசியாவுக்குள் வந்தது. சிவாலிக் அடுக்குகளில் முதல் ஹிப்பாரியன் பல் தலைகாட்டும் வயது 1 கோடியே 8 லட்சம் ஆண்டு.

வயது எப்படித் தெரியும்? மணல்கல்லில் தேதி எழுதியிருக்காது. இங்கே கஞ்சமலை உதவிக்கு வருகிறது. சேலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த மலையின் இரும்புத்தாது மேக்னடைட், அதாவது இயற்கைக் காந்தத் தாது. இத்தகைய காந்தத் துகள்கள் மிகச் சிறிய அளவில் எல்லா வண்டலிலும் கலந்திருக்கும். அமைதியான நீரில் மெல்லப் படியும்போது அவை அன்றைய பூமிக் காந்தப்புலத்தின் திசையில் திரும்பிப் படிந்து, அப்படியே இறுகிவிடும். பூமியின் காந்தப்புலமோ அவ்வப்போது தலைகீழாகும், வடக்கு தெற்காகிவிடும். கடைசியாக அது நடந்தது சுமார் 7.8 லட்சம் ஆண்டுக்கு முன். ஒவ்வொரு திருப்பத்துக்கும் இடைப்பட்ட காலம் ஒரே அளவாக இருப்பதில்லை. ஒன்று நெட்டை, ஒன்று குட்டை. அதனால் ஒரு குன்றின் அடியிலிருந்து உச்சிவரை வரிசையாகக் கல்லெடுத்து அளந்தால், நேர், தலைகீழ், நேர் என்று ஒரு பட்டை வரிசை கிடைக்கும். உலகம் முழுவதற்குமான பட்டியலோடு அதை ஒட்டிப் பார்த்து, இடையே அகப்படும் எரிமலைச் சாம்பலின் வயதை வைத்து உறுதிசெய்வார்கள். 1970களிலும் 80களிலும் போத்வாரில் இந்த வேலையை நீல் ஆப்டைக், என். எம். ஜான்சன் குழுவினர் செய்தார்கள். உலகில் தரைவாழ் விலங்குகளுக்கு இவ்வளவு நீண்ட, இவ்வளவு துல்லியமான வயது வரிசை கிடைக்கும் இடங்கள் மிகக் குறைவு.

இப்போது பக்கவிரல்களுக்கு வருவோம். அவை நடுவிரலைவிடக் குட்டையானவை. குதிரை சும்மா நிற்கும்போது தரையைத் தொடாமல் சற்று உயரத் தொங்கியிருக்கும். தொடாத விரல் எதற்கு? ‘மறைந்துகொண்டிருந்த மிச்சம்’ என்று வெகுகாலம் சொல்லிவந்தார்கள். எனக்கு அந்தப் பதில் எப்போதுமே சோம்பேறித்தனமாகப் பட்டிருக்கிறது. 80 லட்சம் ஆண்டுக்கு மேல் ஒரு குலம் முழுக்கப் பயனில்லாத எலும்பைச் சுமந்து திரிந்தது என்றால் அதை நிரூபிக்க வேண்டியவர் சொல்பவர்தான்.

நாமக்கல்காரர்களுக்கு விடையைச் சொல்வது எளிது. பல அச்சுள்ள லாரியில் லிஃப்ட் ஆக்ஸில் இருக்கும். காலி வண்டியில் அந்தச் சக்கரங்கள் தரையை விட்டுத் தூக்கியிருக்கும். பாரம் ஏறினால் இறங்கி, சுமையில் ஒரு பங்கை ஏற்கும். ஹிப்பாரியனின் பக்கவிரலும் அப்படி. லாரியில் ஓட்டுநர் பொத்தானை அழுத்த வேண்டும், குதிரைக்கு அதன் எடையே பொத்தான். குளம்புக்கு மேலே உள்ள மூட்டு, ஓட்டத்தின் உச்சத்தில் பாரம் தாங்காமல் தரையை நோக்கித் தாழ்கிறது. இன்றைய பந்தயக் குதிரையிலும் இது தாழ்வதைப் பார்க்கலாம். அப்படித் தாழும்போது பக்கவிரல்களும் தரைக்கு வரும். சேற்றிலும் மணலிலும் கால் புதையும்போதும் வரும். ஏரிக்கரைச் சேற்றில் எருமை நடந்த தடத்தைக் குனிந்து பாருங்கள்: பிளந்த குளம்புக்குப் பின்னால் இரண்டு சிறு குழிகள் தெரியும். கெட்டித் தரையில் அவை பதிவதில்லை.

ஊகத்தோடு நிற்காமல் அளந்தும் பார்த்திருக்கிறார்கள். 2017இல் ஹார்வர்டைச் சேர்ந்த பிரியானா மெக்ஹார்ஸ் (இந்த ஆய்வுக்கென்றே பிறந்த பெயர்) தன் குழுவோடு அழிந்துபோன குதிரைகளின் கால் எலும்புகளை உள்ளும் புறமும் படமெடுத்தார். குறுக்கே வெட்டினால் எலும்பு எவ்வளவு தடிப்பு, எவ்வளவு வளைவைத் தாங்கும் என்று கணக்கிட்டார். ஆதிக்குதிரைகளின் நடுவிரல் எலும்பு, பக்கவிரல்கள் பங்கெடுக்காவிட்டால் ஆபத்தான அளவு அழுத்தத்துக்கு உள்ளாகியிருக்கும். பிற்காலக் குதிரைகளில் நடுவிரல் தடித்து வலுக்க, பக்கவிரலின் உதவி தேவைப்படுவது குறைந்தது.

தடயம் காலடியாகவும் கிடைத்திருக்கிறது. தான்சானியாவில் லேட்டோலி என்னுமிடத்தில் சுமார் 36 லட்சம் ஆண்டுக்கு முன் எரிமலைச் சாம்பல் விழுந்து, மழை நனைத்து, அதன்மேல் விலங்குகள் நடந்தன. மேரி லீக்கி குழுவினர் கண்டெடுத்த அங்குள்ள மனித மூதாதையர் காலடிகள் உலகப்புகழ் பெற்றவை. அதே சாம்பலில் ஹிப்பாரியன்களும் நடந்திருக்கின்றன. தாயும் குட்டியும் என்று கருதப்படும் தடங்களும் உண்டு. எலைஸ் ரெண்டர்ஸ் 1984இல் அடிக்கும் அடிக்கும் உள்ள தூரத்தையும் கால் விழுந்த வரிசையையும் அளந்து, அவை பாய்ந்தோடவில்லை, இன்று சில குதிரை வகைகள் நடக்கும் ‘ஓட்டநடை’யில் போயின என்று காட்டினார். வழுக்கும் ஈரச்சாம்பலில் பொருத்தமான நடை. எலும்பிலிருந்து உடலமைப்பைச் சொல்லலாம், ஒரு விலங்கு ஒரு குறிப்பிட்ட நாளில் எப்படி நடந்தது என்பதைக் காலடித் தடம் மட்டுமே சொல்லும்.

கால் இப்படி என்றால், வாய் இன்னும் சுவாரசியமானது. ஹிப்பாரியனை அடையாளம் காண்பவர்கள் முதலில் தேடுவது மேல்கடைவாய்ப் பல்லை. தேய்ந்த பரப்பில் எனாமல் வரிகள் வளைந்து நெளிந்து ஓடும். உள்பக்கம் ஒரு நீள்வட்ட வளையம் மட்டும் எதனோடும் ஒட்டாமல் தனியே நிற்கும். இன்றைய குதிரையின் பல்லில் அந்த வளையம் மற்ற வரிகளோடு சேர்ந்திருக்கும். விரல் எலும்பு கிடைக்காவிட்டாலும் ஒரே ஒரு பல்லை வைத்துக் குலத்தைச் சொல்லிவிடுவது இதனால்தான்.

அந்தக் குதிரை எதைத் தின்றது என்பதற்கும் பல்லே சாட்சி. இதை விளக்க நாமக்கல் முட்டையைவிட நல்ல சான்று இல்லை. கார்பன் அணுக்களில் நூற்றுக்குச் சுமார் ஒன்று சற்றுக் கனமானது, கார்பன்-13 என்பார்கள். செடிகள் காற்றிலிருந்து கார்பனை எடுக்கும் விதத்தில் இரண்டு பெரும் கட்சிகள் உண்டு. நெல், மரவள்ளி, நிலக்கடலை, ஏறக்குறைய எல்லா மரங்களும் ஒரு கட்சி. அவற்றின் இலையில் முதலில் உருவாகும் பொருளில் மூன்று கார்பன் அணு இருப்பதால் மூன்று-கார்பன் தாவரங்கள். சோளம், மக்காச்சோளம், கம்பு, கரும்பு, அருகம்புல் இன்னொரு கட்சி, நான்கு-கார்பன் தாவரங்கள். முதல் கட்சி கனமான கார்பனை அதிகம் ஒதுக்கும். இரண்டாவது அவ்வளவாக ஒதுக்காது. வெயிலும் வறட்சியும் மிகுந்த இடத்தில் இரண்டாவது கட்சிக்குத்தான் கை ஓங்கும். ராசிபுரத்திலிருந்து மோகனூர் போகும் வழியில் மரவள்ளிக் காட்டையும் சோளக்காட்டையும் மாறி மாறிப் பார்ப்பவர்கள், தெரியாமலே இரண்டு கட்சியையும் கடந்துபோகிறார்கள்.

கோழித்தீவனத்தில் பெரும்பங்கு மக்காச்சோளம். கோழி தின்ற கார்பன்தான் முட்டையாகிறது. ஆகவே பண்ணை முட்டையை ஆய்வகத்தில் நிறைமாலைமானியில் வைத்தால் நான்கு-கார்பன் கையெழுத்து தெரியும். கோழியைப் பார்க்காமலே அது என்ன தின்றது என்று சொல்லிவிடலாம். குதிரையின் பல் எனாமலிலும் இதே கணக்குதான். எலும்பு நிலத்தடி நீரை உறிஞ்சி வேதிமாற்றம் அடைந்துவிடும். எனாமல் அடர்த்தியானது, கோடி ஆண்டு புதைந்திருந்தாலும் பெரும்பாலும் மாறாது.

தூர் செர்லிங், ஜே குவேட் முதலானோர் சிவாலிக்கில் இதைச் செய்தார்கள். பல்லை மட்டும் நம்பவில்லை. பழைய மண்ணடுக்குகளில் உள்ள சுண்ணாம்புக் கட்டிகளையும் அளந்தார்கள். நம் பக்கத்து வயலில் உழும்போது கொழுவில் இடறுகிற சுக்கான்கல் போன்றவைதான். அவை அந்த மண்ணில் வளர்ந்த செடிகளின் கையெழுத்தைத் தாங்கியிருக்கும். இரண்டும் ஒரே கதையைச் சொல்லின. ஹிப்பாரியன்கள் வந்திறங்கியபோது சிவாலிக் சமவெளியில் மரங்களும் மூன்று-கார்பன் செடிகளும். சுமார் 80 லட்சம் ஆண்டுக்கு முன் நான்கு-கார்பன் புல் பரவத் தொடங்கி, 60 லட்சம் ஆண்டுக்கு முன்னால் நிலத்தை ஆட்கொண்டுவிட்டது. மழை ஒரு பருவத்துக்குள் ஒடுங்கியதும், வறட்சியும் காட்டுத்தீயும் கூடியதும் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. இலை தின்னும் விலங்குகள் பல ஒழிந்தன. உராங்குட்டானின் உறவான சிவாபிதிகஸ் குரங்கும் மறைந்தது. ஹிப்பாரியன் பல்லில் மட்டும் கையெழுத்து படிப்படியாக மாறுகிறது: முதலில் மூன்று, பிறகு கலவை, பிறகு பெரும்பாலும் நான்கு. காடு கைவிட்டதும் அவை புல்லுக்கு மாறிக்கொண்டன.

மாறிக்கொள்ள முடிந்ததற்குக் காரணம் உயரமான பல். புல்லிலும் அதில் ஒட்டிய மண்ணிலும் உள்ள மணல்துகள் பல்லைத் தேய்க்கும். உயரமான பல் தேயத் தேய மேலெழுந்து நெடுநாள் வரும். ஆனால் அந்தப் பல்லை அவை சிவாலிக்கில் வளர்த்துக்கொள்ளவில்லை. அமெரிக்காவிலேயே பெற்று, கொண்டுவந்து, முப்பது லட்சம் ஆண்டு போல அதை முழுதும் பயன்படுத்தாமலே வைத்திருந்தன. பிறகு நிலம் மாறியபோது அது கைகொடுத்தது.

இவ்வளவு சொன்னபின், பள்ளிப் புத்தகத்தில் பார்த்த அந்தப் படத்தை நினைத்துப் பாருங்கள்: இடமிருந்து வலமாகக் குதிரை பெரிதாகிக்கொண்டே வரும், விரல் குறைந்துகொண்டே வரும். அதற்கும் ஒரு கதை உண்டு. ஆங்கில உயிரியலாளர் தாமஸ் ஹக்ஸ்லி ஐரோப்பியப் புதைபடிவங்களை வரிசையாக அடுக்கி, ஹிப்பாரியனை இன்றைய குதிரையின் நேர்மூதாதையாக வைத்திருந்தார். 1876இல் அமெரிக்கா போனபோது யேல் பல்கலைக்கழகத்தில் தொல்லுயிரியலாளர் ஓ. சி. மார்ஷ் பெட்டி பெட்டியாகத் திறந்து அமெரிக்கக் குதிரைகளைக் காட்டினார். ஹக்ஸ்லி அங்கேயே தன் கருத்தை மாற்றிக்கொண்டு, நியூயார்க்கில் ஆற்றவிருந்த உரையைத் திருத்தி எழுதினார். மூலவரிசை அமெரிக்காவில் இருந்தது. ஐரோப்பாவுக்கும் ஆசியாவுக்கும் வந்தவை அதன் கிளைகள். ஹிப்பாரியன் குலம் இன்றைய குதிரைக்குப் பாட்டனாரல்ல, ஒன்றுவிட்ட சித்தப்பா வகை. ஒற்றைக் குளம்பை நோக்கிப் புறப்பட்டுப் பாதியில் நின்றுவிட்டது என்று அதைச் சொல்வது அநியாயம். அது எங்கும் புறப்படவில்லை. மூன்று விரலோடு யூரேசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் காட்டு ஓரம், புல்வெளி, மலைமேடு என்று எல்லா இடத்திலும் பிழைத்தது. இமாச்சல எல்லைக்கு அப்பால் திபெத்தின் சாண்டா பள்ளத்தாக்கில் 46 லட்சம் ஆண்டுப் பழைய ஹிப்பாரியன் எலும்புக்கூடு கிடைத்திருக்கிறது. விரைந்து ஓடும் திறந்தவெளிக் குதிரை. மரம் வளராத உயரத்தில்தான் அப்படிப்பட்ட வெளி இருந்திருக்கும் என்று கொண்டு, அன்றே அந்த நிலம் ஏறத்தாழ இன்றைய உயரத்தில் இருந்தது என்று 2012இல் டெங் தாவ் குழுவினர் வாதிட்டார்கள். ஒரு குதிரைக் காலிலிருந்து ஒரு பீடபூமியின் உயரத்துக்குப் போகும் தாவல் இது. துணிச்சலானதுதான், ஆனாலும் எனக்குப் பிடித்தது.

ஒற்றைக் குளம்புக் குதிரை, அதாவது எக்வஸ் பேரினம், சிவாலிக்கில் நுழைவது சுமார் 26 லட்சம் ஆண்டுக்கு முன்புதான். அதுவும் அமெரிக்காவிலிருந்து, அதே நிலப்பாலம் வழியாக. வந்தவுடன் மூன்று விரல்காரர்களை விரட்டிவிட்டது என்றும் சொல்ல முடியாது. ஆப்பிரிக்காவில் இரண்டும் பத்து லட்சம் ஆண்டுக்கு மேல் சேர்ந்தே வாழ்ந்தன. கிறிஸ்டின் ஜானிஸும் பெர்னரும் 2019இல் முன்வைத்த கருத்து: ஒற்றை விரலின் ஆதாயம் வேகத்தில் இல்லை, மேய்ச்சலும் நீரும் தேடி நாள் முழுக்கக் களைப்பில்லாமல் நெடுந்தூரம் போவதில் இருக்கிறது. பூமி குளிர்ந்து வறண்ட பிறகு அந்தத் திறமைக்கு விலை கூடியது.

நம் ஊர்க் குதிரைகள் அதற்கும் மிகப் பிந்தியவை. கொல்லிமலைத் தலைவன் வல்வில் ஓரியின் குதிரைக்கும் ஓரி என்றே பெயர், அவனைக் கொன்ற மலையமான் காரியின் குதிரைக்குக் காரி என்று பெயர் என்பதைச் சங்க இலக்கியம் நமக்குச் சொல்கிறது. ஆளுக்கும் குதிரைக்கும் ஒரே பெயர் வைக்கும் அளவுக்கு அது அருமையான பொருள். கடல்வழி வந்து இறங்கிய சரக்கு. அந்த வளர்ப்புக் குதிரைகளின் பூர்வீகம் வோல்கா, டான் ஆற்றுப் பக்கத்துப் புல்வெளி என்று 2021இல் மரபணு ஆய்வு காட்டியது. ஓரியின் குதிரையும் அந்தியூர்ச் சந்தைக்கு ஆடியில் வரும் குதிரைகளும் அந்த வழியில் வந்தவைதான்.

அந்தக் குதிரைகளின் காலிலும் பழைய விரல்களின் சுவடு இருக்கிறது. உள்ளங்கை எலும்பின் இருபுறமும் பென்சில்போல் மெலிந்து பாதியில் முடியும் இரண்டு எலும்புகள், சிம்பெலும்பு எனலாம். இளங்குதிரையில் இவை வீங்கினால் நொண்டும் என்பது குதிரை வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். இந்தச் சிம்புகளில் இருப்பது இரண்டு விரலா, நான்கா? 2018இல் நிக்கோஸ் சோலௌனியாஸ் குழுவினர், சிம்புகளின் மேடுகளிலும் குளம்பின் அமைப்பிலும் ஐந்து விரல்களின் தடமும் ஒளிந்திருப்பதாகச் சொன்னார்கள். 2020இல் கேத்ரின் கவானா குழுவினர் சில வாரக் குதிரைக் கருக்களைப் பார்த்தபோது ஐந்து விரல்களுக்கான திசுத்திரட்சி தோன்றிப் பின் ஒன்றாக ஒடுங்குவது தெரிந்தது. 2023இல் ஆலன் வின்செலெட் ஹிப்பாரியன் காலடித் தடங்களை வைத்து மறுத்தார்: பக்கவிரல்கள் குளம்புக்குள் கரைந்துவிட்டன என்றால், குளம்பின் அடியில் அவற்றின் மிச்சமாகச் சொல்லப்படும் அந்த முக்கோணத் திண்டு, பக்கவிரல் முழுசாக இருந்த ஹிப்பாரியன் தடங்களில் தனியாகப் பதிந்திருக்கக் கூடாதே! கருவைப் பார்ப்பவர்களும் காலடியைப் பார்ப்பவர்களும் இன்னும் ஒத்துப்போகவில்லை.